முன்பு நோய் வந்துபோனவர்களுக்கு விமானி மருத்துவச் சான்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வானிலையும் வழிகாணலும் கற்பிப்பது என் வேலை. ஆனால் பாடத்தைவிட அதிகமாக என்னிடம் கேட்கப்படுவது மெடிக்கலைப் பற்றித்தான். அதிலும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கதவருகே தயங்கி நின்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது, எப்போதோ வந்துபோன ஒரு நோயைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். இந்தியாவில் விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் நடைமுறை எப்படிச் செல்கிறது என்பதைப் பல மாணவர்களோடு உடன் நடந்து தெரிந்துகொண்டவன். உங்கள் உடலைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரும் பரிசோதிக்கும் மருத்துவரும் மட்டுமே சொல்ல முடியும்.

சார், கிளாஸ் 1, கிளாஸ் 2 என்கிறார்களே, எனக்கு எது வேணும்?

விமானம் ஓட்டிச் சம்பளம் வாங்க நினைக்கும் எவருக்கும், அதாவது வணிக விமானி உரிமம் பெறுவதற்கு, கிளாஸ் 1 வேண்டும். மாணவ விமானி உரிமத்துக்கும் தனியார் விமானி உரிமத்துக்கும் கிளாஸ் 2 போதும். ஆயினும் எல்லோரும் தொடங்குவது கிளாஸ் 2-இல்தான். டிஜிசிஏ பட்டியலில் உள்ள ஒரு மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொண்டு, அறிக்கை ஈஜிசிஏ என்ற இணையதளத்தின் வழியாக டிஜிசிஏவுக்குப் போன பிறகு, உங்கள் பெயரில் ஒரு பிஎம்ஆர் எண் உருவாகும். பறக்கும் காலம் முழுவதும் உங்கள் மருத்துவ வரலாறு அந்த எண்ணின் கீழேதான் சேரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கேள்வியில் இது திரும்ப வரும்.

முதல் கிளாஸ் 1 பரிசோதனைக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் பெங்களூருக்குப் போகிறார்கள். அங்கே விமானப்படையின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின் இருக்கிறது, பேச்சில் ஐஏஎம். தில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை மையம் மற்றொன்று. அங்கீகாரம் பெற்ற வேறு மையங்களும் உண்டு என்பதால், தேதி வாங்குவதற்கு முன் டிஜிசிஏ தளத்தில் அப்போதைய பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு முன்னாடி ஒரு நோய் இருந்தது. அப்போ பைலட் ஆகவே முடியாதா?

பெரும்பாலான நோய்களின் விஷயத்தில் முடியும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் முதலாம் இணைப்புதான் இந்திய மருத்துவ விதிகளுக்கும் அடித்தளம். அதைப் படித்தால், நோயின் பெயரைவிட ஒரு கேள்வியே அதில் ஓங்கி நிற்பது தெரியும்: இந்த உடல்நிலை, விமானத்தில் இருக்கும்போது ஒருவரைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யுமா? ஒரு தர அளவை எட்டாதவருக்கும், அவர் பறப்பதால் பாதுகாப்புக்குக் கேடு வராது என்று தகுந்த நிபுணர்கள் முடிவு செய்தால் சான்று வழங்கலாம் என்ற இடமும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை தேடும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து எழுந்த டிரைடன்ட் விமானம் ஸ்டெயின்ஸ் அருகே விழுந்து 118 பேர் இறந்தார்கள். கேப்டனுக்கு இருந்த கடுமையான இதயநோயை விசாரணை அடிப்படைக் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்ததுதான் ஒரு சதவீத விதி. ஒருவர் ஓராண்டில் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைத் தாண்டாவிட்டால், இரு விமானிகள் உள்ள விமானத்தில் அவர் பறக்கலாம் என்பது அதன் சாரம்.

கணக்கு எளிது. ஓராண்டு என்பது ஏறத்தாழ பத்தாயிரம் மணி நேரம். ஆகவே ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்பது பத்து லட்சம் மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆபத்தான கட்டங்களான ஏறுதலும் இறங்குதலும் ஒரு மணி நேரப் பறப்பில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் அது ஒரு கோடிக்கு ஒன்றாகிறது. பக்கத்து இருக்கைக்காரர் சமாளிக்கத் தவறுவது நூறில் ஒருமுறை என்றால் நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்று. சிலருடைய சான்றில் "தகுதியும் அனுபவமும் உள்ள விமானியுடன் மட்டும்" என்று ஒரு கட்டுப்பாடு எழுதப்படுவதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஃபிட், டி.யூ., பெர்மனென்ட் அன்ஃபிட் என்றால் என்ன வித்தியாசம்?

ஃபிட் என்றால் பறக்கலாம், சில சமயம் கண்ணாடி அணிய வேண்டும் என்பதுபோன்ற கட்டுப்பாட்டுடன். டி.யூ. என்றால் தற்காலிகத் தகுதியின்மை: குறிப்பிட்ட காலம் கழித்து, குறிப்பிட்ட பரிசோதனைகளோடு திரும்பி வாருங்கள் என்று பொருள். நிரந்தரத் தகுதியின்மை வெகு சிலருக்கே எழுதப்படுகிறது. முன்பு நோய் இருந்தவர்கள் முதல் முறையில் டி.யூ. வாங்குவது மிகச் சாதாரணம். வீட்டில் சாவு விழுந்ததுபோல் உட்காரத் தேவையில்லை.

ஃபிளையிங் ஸ்கூலில் ஃபீஸ் கட்டிட்டு அப்புறம் மெடிக்கல் பண்ணிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் தயக்கமின்றிச் சொல்லும் ஒரே விடை இது. உங்களுக்கு நோய் வரலாறு இருந்தால் கிளாஸ் 2 மட்டும் போதாது. கிளாஸ் 1-உம் கையில் வந்த பிறகே பெரிய தொகையைக் கட்டுங்கள். நிலத்தை அடமானம் வைத்து முதல் தவணை கட்டிய ஒரு குடும்பத்தின் மகன், எட்டு மாதம் கழித்துக் கிளாஸ் 1-இல் டி.யூ. ஆனான். பிறகு அவன் ஃபிட் ஆனதும் உண்மை. ஆனால் காத்திருந்த அந்த மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்?

ஒருமுறை ஒரு மாணவன் துணிக்கடைப் பை நிறைய காகிதங்களைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தான். பாதி மருந்துக்கடை ரசீது. எக்ஸ்ரே ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இல்லை. பரிசோதிக்கும் மருத்துவருக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான்.

நோய் என்ன, எப்போது தொடங்கியது, எதனால் உறுதிசெய்யப்பட்டது, என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் முடிந்தது, இன்று நிலை என்ன: இந்த ஆறுக்கும் தாள் இருக்க வேண்டும். முதல் ஐந்துக்கும் பழைய மருத்துவமனையின் பதிவு. ஆறாவதற்கு, அந்தத் துறை நிபுணர் அண்மையில் பரிசோதித்து எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தில் "பறக்கத் தகுதியானவர்" என்று எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள், அதைச் சொல்வது அவர் வேலை இல்லை. "நோய் மீண்டும் வந்ததற்கான அறிகுறி இல்லை, மருந்து எதுவும் எடுக்கவில்லை" என்பதுபோல் கண்டதை மட்டும் தேதியோடு எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். பழைய மருத்துவமனையே மூடப்பட்டிருந்தால், அன்று பார்த்த மருத்துவரைத் தேடிப் பிடித்து ஒரு சுருக்கம் வாங்குங்கள். அதுவும் இயலாவிட்டால் நடந்ததை நீங்களே தேதிவாரியாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது வெறுங்கையோடு போவதைவிட மேல்.

எனக்கு டி.பி. வந்து மாத்திரை சாப்பிட்டு குணமாயிடுச்சு. எக்ஸ்ரேயில் தழும்பு தெரியுது. கஷ்டமா?

நம் நாட்டில் இது அபூர்வமான கேள்வி இல்லை. நோய் செயலில் இருக்கும்போது தகுதியில்லை. ஆறிய தழும்பு மட்டும் இருந்தால் ஃபிட் என மதிப்பிடலாம் என்று ஐகாவோ விதியே கூறுகிறது. ஆகவே மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் அந்த வெள்ளைக் கீற்று பழையது, அசையாமல் இருக்கிறது என்று காட்டுவதே உங்கள் வேலை. சிகிச்சை முடிந்த நாளில் எடுத்த எக்ஸ்ரேயையும் இன்றைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அண்மை ஆண்டுகளில் அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ சிகிச்சை பெற்றவர்கள் பெரும்பாலும் அரசின் டி.பி. நோயாளர் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவாகியிருப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டு சிகிச்சை முழுமையாக முடிந்ததற்கான பதிவைப் பெறலாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் சேரும் எதாம்பியூட்டால் என்ற மருந்து, சிலருக்குக் கண் நரம்பைப் பாதித்துச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறனைக் குறைக்கக்கூடும். விமானிக்கு அந்த இரண்டு நிறங்களும் இறகு விளக்கிலும் ஓடுபாதை விளக்கிலும் உயிர்நாடி. மெடிக்கலில் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டுவார்கள். தேவைப்பட்டால் இருட்டறையில் விளக்குச் சோதனையும் நடக்கும். டி.பி. மருந்து சாப்பிட்டவர்கள் முன்கூட்டியே கண் மருத்துவரிடம் நிறப்பார்வையைச் சோதித்துக்கொண்டு போனால், அங்கே எதிர்பாராத அதிர்ச்சி இருக்காது.

மஞ்சள் காமாலை வந்தது, கீழாநெல்லி சாப்பிட்டு சரியாச்சு. இரத்தத்தில் பிலிருபின் இன்னும் கொஞ்சம் அதிகம்னு வருது. ஏன்?

காமாலை வந்துபோனது பெரிய தடை இல்லை. ஹெபடைடிஸ் பி, சி இல்லை என்ற பரிசோதனையும் கல்லீரல் சோதனை முடிவுகளும் இருந்தால் போதும். மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்து பிலிருபின் மட்டும் சற்றே கூடித் தெரிந்தால், அது கில்பர்ட் சிண்ட்ரோம் என்ற தீங்கற்ற பிறவி இயல்பாக இருக்கலாம். அதில் ஒரு வேடிக்கை உண்டு: பட்டினி இருந்தால் அந்த அளவு ஏறும். முந்தைய நாள் மாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து பெங்களூர் போய், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பவருக்கு இது சரியாக அன்றைக்குத்தான் காட்டும். கல்லீரல் மருத்துவரிடம் முன்பே உறுதிசெய்து கடிதம் வைத்திருங்கள். நாட்டு மருந்து எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; பெயர் தெரியாத சூரணம் என்றால் "பெயர் தெரியவில்லை" என்றே சொல்லலாம்.

சின்ன வயசில் காய்ச்சலில் ஒரு தடவை வலிப்பு வந்துச்சாம். அம்மா சொல்றாங்க, எனக்கே ஞாபகம் இல்லை. சொல்லணுமா?

சொல்ல வேண்டும். வலிப்பு நோய் என்று உறுதியான வரலாறு இருந்தால் ஐகாவோ விதிப்படி தகுதியில்லை. காரணம் விளங்காமல் நினைவு தப்பியவர்களுக்கும் அப்படியே. ஆனால் குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வந்து, பிறகு திரும்பாத வலிப்பு வேறு வகை. அதை வலிப்பு நோயிலிருந்து பிரித்துக் காட்ட நரம்பியல் மருத்துவரின் மதிப்பீடும் பெரும்பாலும் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி சோதனையும் கேட்கப்படும். அம்மாவின் நினைவே இங்கு முதல் ஆவணம் என்பதால் எத்தனை வயதில், எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீசிங் இருந்தது, இன்ஹேலர் வெச்சிருந்தேன். இப்ப இல்லை.

பல ஆண்டுகளாக அறிகுறியும் மருந்தும் இல்லை என்றால், நுரையீரல் செயல்திறன் சோதனை முடிவோடு போனால் போதுமானது. இன்னும் அறிகுறிகள் வந்து போகின்றன என்றால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

காது டிரம்மில் ஓட்டை இருந்தது. ஆபரேஷன் பண்ணினேன்.

ஆறிவிட்டால் பிரச்சினை குறைவு. ஆறாத ஓட்டைகூட, ஒன்றே ஒன்றாகவும் உலர்ந்தும் இருந்தால் அதனாலேயே தகுதி போய்விடாது என்று ஐகாவோ குறிப்பு சொல்கிறது. பார்க்கப்படுவது இரண்டு: கேட்கும் திறன், அழுத்த மாற்றத்தைச் சமன் செய்யும் திறன். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலையும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலையும் தாண்டக்கூடாது. சளி பிடித்திருக்கும்போது இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

கிட்னியில் கல் இருந்து வெளியே வந்துடுச்சு. வலியே இல்லையே, எதுக்குக் கேட்கிறாங்க?

கல் அசையும்போது வரும் வலி, ஒரு திடமான மனிதரைத் தரையில் உருளச் செய்யும். தரையிறங்கும் நேரத்தில் அது வந்தால் என்ன ஆகும் என்பதே கவலை; முன்பு சொன்ன "திடீர்ச் செயலிழப்பு" என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. இதயம் அளவுக்கு உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய், மெடிக்கலில் அதைப் போலவே உன்னிப்பாகப் பார்க்கப்படுவதற்குக் காரணமும் இதுவே. இப்போது கல் எதுவும் இல்லை என்ற ஸ்கேன் அறிக்கை உங்களுக்கு வேண்டும்.

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டேன். இதைச் சொன்னால் அவ்வளவுதானே?

இல்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் பொதுவாகத் தகுதியற்றவர் என்றாலும், நிலை கட்டுப்பட்டிருப்பதை மதிப்பிட்டு விலக்கு அளிக்க ஐகாவோ விதியில் இடமுண்டு. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2010-இலிருந்து குறிப்பிட்ட சில மருந்துகளோடு பறக்கவும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. சிகிச்சை முடிந்து, மருந்து நிறுத்தி, நீண்ட காலம் நலமாக இருப்பவரின் நிலை இன்னும் எளிது. மனநல மருத்துவரின் விரிவான அறிக்கை தேவைப்படும்.

2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்ததில், அதிலிருந்த 150 பேரும் இறந்தார்கள். அவர் தம் நோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். பறக்கும் உரிமையை இழந்துவிடுவோம் என்ற அச்சமே இப்படி மறைக்க வைக்கிறது என்று விசாரணை அறிக்கை பேசியது. அதன் பிறகு உலகெங்கும் சக விமானிகளே உதவும் ஆதரவுத் திட்டங்கள் வந்தன. டிஜிசிஏவும் 2023-இல் மனநலம் பற்றிய சுற்றறிக்கையில் இதை வலியுறுத்தியது. நடைமுறையில் இன்னும் தயக்கம் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிட்டு மெடிக்கலுக்குப் போவது எல்லாவற்றிலும் மோசமான வழி.

அப்பாவுக்கு சுகர், எனக்கும் பார்டரில் இருக்கு. இன்சுலின் போடுறவங்க பைலட் ஆக முடியுமா?

அப்பாவுக்கு இருப்பது குடும்ப வரலாறு என்று எழுதப்படும், அவ்வளவே. உணவுக் கட்டுப்பாட்டாலோ, பாதுகாப்பான மாத்திரையாலோ சர்க்கரை நன்கு கட்டுப்பட்டிருந்தால் தகுதி பெற வழியுண்டு. இன்சுலின் போடுபவர் ஐகாவோ தரத்தின்படி தகுதியற்றவர். பிரிட்டன் 2012-இலும் அமெரிக்கா 2019-இலும் வணிக விமானிகளுக்குக் கடும் கண்காணிப்போடு இதைத் தளர்த்தின. அதை இந்தியாவில் காட்டிச் சான்று கேட்க முடியாது.

நான் ஏற்கெனவே பைலட். ஸ்டென்ட் வெச்சாங்க. திரும்பப் பறக்க முடியுமா?

மாரடைப்போ ஸ்டென்ட்டோ பைபாஸோ, முறையாக ஆராயப்பட்டு ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்படாத வரை தகுதியில்லை, மதிப்பிடப்பட்டால் திரும்பலாம். ஐரோப்பிய விதிகளில் குறைந்தது 6 மாதக் காத்திருப்பு உண்டு. பிறகு உடற்பயிற்சி ஈசிஜி, எக்கோ போன்றவற்றால் ஒரு சதவீதக் கணக்குக்குள் வருகிறீர்களா என்று பார்ப்பார்கள். திரும்பும் பலரும் முதலில் மேலே சொன்ன "இன்னொரு விமானியுடன் மட்டும்" என்ற கட்டுப்பாட்டோடுதான் திரும்புகிறார்கள்.

எதையும் சொல்லாம விட்டா என்ன? அவங்களுக்கு எப்படித் தெரியும்?

தழும்பு தெரியும், எக்ஸ்ரே தெரியும், காப்பீட்டுக் கோரிக்கை தெரியும், என்றாவது ஒருநாள் நீங்களே வேறு மருத்துவரிடம் சொல்வீர்கள். விண்ணப்பத்தில் வரலாறு பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். தகவலை மறைத்துப் பெற்ற உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 19-ஆம் விதி இடம் தருகிறது. நோயை முதல் நாளே சொல்லியிருந்தால் சில மாத டி.யூ.வோடு முடிந்திருக்கும் காரியம், பத்தாண்டு கழித்து கேப்டன் இருக்கையில் இருக்கும்போது வெளிப்பட்டால், அப்போது விசாரிக்கப்படுவது உங்கள் நோய் அல்ல, உங்கள் நேர்மை. அதை ஆற்ற எந்த நிபுணரின் கடிதமும் உதவாது.

ஒரு டாக்டர் டி.யூ. போட்டார். வேற ஊரில் வேற டாக்டரிடம் போகலாமா? இல்லைன்னா அமெரிக்காவில் மெடிக்கல் வாங்கிட்டு வந்தா?

முதல் வழி அடைபட்டது. காரணம் முதல் கேள்வியில் சொன்ன பிஎம்ஆர் எண். நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் கோப்பு ஒன்றே. இரண்டாவது வழியில், அமெரிக்காவில் பயிற்சி பெற அங்குள்ள மெடிக்கல் உதவும். ஆனால் அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற டிஜிசிஏ கிளாஸ் 1 வேண்டும். அங்கே பணத்தையும் மணி நேரத்தையும் செலவழித்துத் திரும்பிய பிறகு இங்கே தடை என்று தெரிவது, கட்டணக் கேள்வியில் சொன்ன துன்பத்தையே டாலரில் அனுபவிப்பதாகும்.

டி.யூ. ஆயிட்டேன். இப்ப என்ன பண்ணணும்?

முதலில் காரணம் எழுதிய தாளை முழுவதும் படியுங்கள். எந்தப் பரிசோதனை, எத்தனை மாதம் கழித்து, எந்த மையம் என்பது அதிலேயே இருக்கும். கேட்டதை மட்டும், கேட்ட வடிவில் கொடுங்கள். ஈசிஜி கேட்டால் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் புதிய சந்தேகங்களைத் தாங்களே விலைக்கு வாங்குகிறார்கள். முடிவு மருத்துவ ரீதியில் தவறு என்று உங்கள் நிபுணர் கருதினால், அவருடைய எழுத்துபூர்வமான காரணங்களோடு டிஜிசிஏவிடம் மேல்முறையீடு செய்யலாம். நிரந்தரத் தகுதியின்மைக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. "என் கனவு" என்று தொடங்கும் கடிதங்கள் இங்கே எடுபடுவதில்லை, சோதனை முடிவுகளே எடுபடும்.

சான்று கையில் இருக்கு, அடுத்த மெடிக்கலுக்கு இன்னும் எட்டு மாசம். நடுவில் பழைய நோய் திரும்பினா?

சான்றில் உள்ள தேதி உங்களைக் காப்பாற்றாது. உடல்நிலை குறைந்தது தெரிந்ததும், பறக்கும் உரிமையை நீங்களே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. நிறுவனத்துக்கும் டிஜிசிஏவுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்து, முன்பு சொன்ன ஆறு தாள்களையும் மீண்டும் சேர்க்கத் தொடங்குங்கள். மாணவர்களுக்கு இன்னொன்று: தனியாகப் பறக்க வேண்டிய அன்று காலை உடம்பு சரியில்லை என்றால் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். அந்த ஒரு சார்ட்டி, அதாவது ஒரு தடவைப் பறப்பு, அடுத்த வாரமும் கிடைக்கும்.